நாலாவது சக்கரம்

எங்கள் வீட்டு மர எஞ்சினின் புகைபோக்கியில் நான்கு பல் தடங்கள் இருக்கின்றன. இரண்டு என்னுடையவை, ஒன்று தம்பியுடையது என்று அம்மா சொல்வாள். நான்காவது யாருடையது என்பதில் குடும்பத்துக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. என் மகள் தனக்குத்தான் பாத்தியதை என்கிறாள். தம்பி பையன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. காலை எட்டு மணி வெயில் எங்கள் சரஸ்வதிபுரத்து வீட்டு ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போது எஞ்சினை ஒருபக்கமாகத் திருப்பினால், மஞ்சள் புகைபோக்கியின் விளிம்பில் நெல் நுனி அளவுக்குச் சின்னச் சின்ன நிழல்கள் எழுந்து நிற்கும். விரல் நகத்தால் வருடினால் தட்டுப்படும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, பல் பதிந்த இடத்தில் மரம்தான் உள்வாங்கியிருக்கிறது, நிறம் விண்டுபோகவில்லை. பள்ளத்துக்குள்ளும் மஞ்சள் கூடவே இறங்கியிருக்கிறது. தகரத்தில் அடித்த பெயின்டாக இருந்தால் ஒரு கடிக்கே சில்லுச் சில்லாகக் குழந்தை வாய்க்குள் போயிருக்கும். பிளாஸ்டிக்காக இருந்தால் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். இது வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு, ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கிறது.

அப்பா அசோகபுரம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1971-இல் பெங்களூர் போய்விட்டு பஸ்ஸில் திரும்புகிறபோது, வழியில் சன்னபட்டணத்தில் இறங்கி எனக்காக இதை வாங்கி வந்தார். கும்பகோணத்துப் பாட்டிக்குக் கடிதம் எழுதுகையில், ‘குழந்தைக்குச் சன்னபட்டணத்தில் ஒரு ரயில் வாங்கினேன்’ என்று ஒரு வரி. பாட்டி அதைச் சென்னப்பட்டணம் என்று படித்துவிட்டாள். மைசூரிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் போனவன் பக்கத்தில் இருக்கிற கும்பகோணத்துக்கு வந்து என்னைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று பதில் கடிதம் வந்தது. மைசூருக்கு 80 கிலோமீட்டர் தூரத்தில், பெங்களூர் சாலையிலேயே அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று அவளுக்கு விளக்க அப்பாவுக்கு இரண்டு இன்லண்டு லெட்டர் ஆயிற்று.

நிஜ எஞ்சின்களோடு பொழுதைக் கழிக்கிறவர் பொம்மை எஞ்சினை எப்படிப் பார்ப்பார்? அப்பா அதை மேஜைமேல் வைத்து முதலில் குற்றப்பத்திரிகை வாசித்தாராம். “பிஸ்டன் இல்லை, கனெக்டிங் ராட் இல்லை, புகைபோக்கி பாய்லரில் பாதி உசரம் இருக்கு. இது ஓடினா பாலத்துக்கு அடியிலே போகாது.” அப்புறம் எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டுச் சுண்டுவிரலால் சக்கரத்தைத் தட்டிவிட்டாராம். அது சுற்றிச் சுற்றித் தானாக நின்றதாம். “ஆனா ஆக்ஸில் சுத்தறது. போதும்” என்று சொல்லி என் கையில் கொடுத்தாராம். எங்கள் வீட்டில் எந்தச் சாமானைப் பற்றியும் அவர் வாயிலிருந்து வந்த மிக உயர்ந்த பாராட்டு அந்தப் ‘போதும்’தான்.

ஒரு சாண் நீளம். அடிப்பலகை ஒன்று மட்டும் சப்பட்டை, மற்றதெல்லாம் உருண்டை. பாய்லர் ஓர் உருளை. புகைபோக்கி, ஊமத்தம்பூவை நிமிர்த்தி வைத்ததுபோல மேலே விரிகிறது. அதன் பின்னால் நீராவிக் கூண்டு, குங்குமச் சிமிழ் மூடி அளவில். டிரைவர் நிற்கிற அறைகூட ஒரு குட்டை உருளைதான். அதற்கு மேலே தட்டையான தொப்பி மாதிரி ஒரு கூரை. கடைசல் பிடிக்கிறவன் கண்ணுக்கு உலகம் முழுக்க உருளையும் உருண்டையுமாகத்தான் தெரியும் போலிருக்கிறது. சன்னபட்டணத்து யானையைப் பாருங்கள்: பெரிய உருண்டை உடம்பு, சின்ன உருண்டை தலை, நாலு கட்டைகள் கால். போலீஸ்காரன், மணப்பெண், குரங்கு எல்லாம் இதே கணக்குதான். லேத் சுற்றுகிறபோது எது கிடைக்குமோ அதற்குள்ளேயே ஒரு யானையைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்த நெருக்கடியிலிருந்துதான் அதன் அழகு வருகிறது என்று எனக்குத் தோன்றும். தும்பிக்கையையும் நகத்தையும் சுருக்கத்தையும் அச்சாகச் செதுக்கிவைத்த யானை பொம்மையை இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடலாம். இரண்டு உருண்டை யானையை முடிக்க முடியாது. மிச்ச யானையைக் குழந்தைதான் தினமும் செய்துகொள்ள வேண்டும்.

பாய்லர் சிவப்பு. அதில் மூன்று இடத்தில் மஞ்சள் பட்டை, ஒவ்வொன்றும் தீக்குச்சி அகலம். சிவப்பு முடிந்து மஞ்சள் தொடங்குகிற இடத்தை உற்றுப் பார்த்தால், நடுவில் மயிரிழை போல ஒரு வெட்டு ஓடுகிறது. உளியின் முனையால் சுற்றுகிற கட்டையில் தொட்டு எடுத்த கோடு. ஒரு நிறம் இன்னொன்றின் வீட்டுக்குள் போகாமல் தடுக்கிற வாய்க்கால் அது. தூரிகை பட்டிருந்தால் எங்கேயாவது ஒரு கை நடுக்கம், ஒரு வழிசல், தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேர்கிற ஒரு தடிப்பு தெரிந்திருக்கும். இதில் தொடக்கமே இல்லை. நிறம் கட்டையைச் சுற்றி வந்ததா, கட்டை நிறத்துக்குள் சுற்றியதா என்று சொல்ல முடியாது.

தேய்மானத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பாய்லரின் மேல்பக்கம், குழந்தைக் கை கவ்விப் பிடிக்கிற இடம், காய்ந்த இலந்தைப் பழத்தின் நிறத்துக்குப் போய்விட்டது. அடிவயிற்றில் மட்டும் வாங்கின நாளின் சிவப்பு அப்படியே இருக்கிறது. பழைய புடவையின் உள்மடிப்பைப் பிரித்துப் பார்ப்பதுபோல எப்போதாவது திருப்பிப் பார்த்துக்கொள்வேன். சக்கரங்கள் பச்சை; ஆனால் தரையில் படுகிற விளிம்பில் பச்சை எப்போதோ போய்விட்டது. அங்கே மரம் வெறுமனே தெரிகிறது. ஒருகாலத்தில் தந்த வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது டிக்காஷன் தூக்கலான காப்பி நிறம்.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் முதலில் இருந்த வாடகை வீட்டில் சிவப்பு ஆக்ஸைடு தரை. அதில் எஞ்சினை இழுத்தால் மெத்தென்று ஒரு ‘குடுகுடு’. அப்புறம் வந்த வீட்டில் மொசைக், அங்கே ‘கடகட’. இப்போது எல்லாரையும் போல நாங்களும் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டுவிட்டோம். அதில் சக்கரம் உருளவே மாட்டேன் என்கிறது. அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. ஐம்பது வருஷம் உழைத்த வண்டிக்குத் தரை துரோகம் செய்துவிட்டது.

‘அந்தக் காலத்துப் பொம்மைகள் எல்லாம் எவ்வளவு உழைத்தன’ என்று யாராவது பெருமூச்சு விட்டால் நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டிலேயே சாவி கொடுத்தால் ஓடுகிற தகரக் கார் ஒன்று இருந்தது. ஸ்பிரிங் மூன்றாம் நாள் அறுந்தது. கண் மூடித் திறக்கிற பிளாஸ்டிக் பாப்பாவுக்கு ஒரு கண் உள்ளே விழுந்து தலைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. அம்மாவுக்குப் பயமாகிப் போய்த் தூக்கிப் போட்டாள். அமுக்கினால் டிக்டிக்கென்கிற தகரத் தவளை துருப்பிடித்துத் தம்பி விரலைக் கீறி, அவனுக்கு டெட்டனஸ் ஊசி வாங்கித் தந்தது. போனவையெல்லாம் போய்விட்டன. மிஞ்சின ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு காலத்துக்கே நற்சான்றிதழ் கொடுக்கிறோம். ஆனால் மிஞ்சினது ஏன் மிஞ்சியது என்று கேட்கலாம் அல்லவா. அந்தக் கேள்விக்குப் பதில் போன வருஷம்தான் எனக்குக் கிடைத்தது, அதுவும் ஒரு சக்கரம் உடைந்ததால்.

வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது எஞ்சின் கீழே விழுந்தது. மற்றதெல்லாம் தப்பித்தது, முன்பக்கத்துச் சக்கரம் ஒன்று மட்டும் நடுவிலிருந்து விளிம்புவரை பிளந்துவிட்டது. தெருமுனைத் தச்சர் பார்த்துவிட்டு, பிளைவுட்டில் வட்டம் வெட்டிப் பச்சை எனாமல் அடித்துத் தருகிறேன் என்றார். நல்ல மனுஷர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எஞ்சினைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சன்னபட்டணம் கிளம்பினேன்.

இப்போது சன்னபட்டணத்துக்குப் போவதென்றால் மெனக்கெட வேண்டும். 2023 மார்ச்சில் திறந்த விரைவுச் சாலை, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு மைசூரையும் பெங்களூரையும் மட்டும் முடிச்சுப் போடுகிறது. பழைய சாலையில் போனால், மத்தூரில் வடை, சன்னபட்டணத்தில் பொம்மை என்பது எழுதாத சட்டம். சாலையோரக் கடைகளில் ஆடும் குதிரைகள் வரிசையாக நிற்கும், பின்சீட்டில் குழந்தை அழ ஆரம்பிக்கும், வண்டி நிற்கும். வியாபாரமே அந்த அழுகையை நம்பித்தான் நடந்தது. புதுச் சாலையில் குழந்தைக்குத் தெரிவது தடுப்புச்சுவர் மட்டும். நானே ஒருமுறை இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஊருக்குள், சந்துக்குள் சந்தாகப் போனால் ஒரு பட்டறை. தகரக் கூரை, நாலைந்து லேத், கணுக்கால் ஆழத்துக்கு மரச்சுருள். அங்கிருந்த கடைசல்காரருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். துணிப்பையிலிருந்து எஞ்சினை எடுத்து வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னடத்தில், “இது கை லேத் வேலை மாதிரி இருக்கு அக்கா. வில்லை இழுத்து இழுத்துக் கடைந்தது” என்றார். ஒரு கையால் வில்லை இழுக்க, கட்டை முன்னும் பின்னுமாகச் சுற்றும். சரியான பக்கம் சுற்றுகிற நேரத்தில் மட்டும் உளியைக் காட்ட வேண்டும். மோட்டார் வந்த பிறகு கட்டை ஒரே திசையில் ஓடுகிறது. எங்கே பார்த்து இதைக் கண்டுபிடித்தீர்கள் பாய் என்று கேட்டேன். பாய்லரின் அடிவயிற்றைக் காட்டினார். நான் உள்மடிப்பு என்று ரசித்துக்கொண்டிருந்த அதே இடம். அங்கே சிவப்புக்கு அடியில், தண்ணீரில் காற்று பட்டாற்போல மெல்லிய அலைகள். இத்தனை வருஷம் நான் நிறத்தைப் பார்த்தேனே தவிர, அதற்குக் கீழே இருந்த கையைப் பார்க்கவில்லை.

“சக்கரம்தானே, உட்காருங்க” என்றார்.

அவர் எடுத்தது ஆலெ மரத்துக் கட்டை. கன்னடத்தில் ஆலெ; நம் ஊரில் வெட்பாலை. பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சித்த வைத்தியம் ஞாபகம் வரும்: இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்பும், சொறிக்கும் செதிலுக்கும் தடவுவார்கள். அந்த மரமேதான். கிள்ளினால் பால் வடியும், காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும், பூ வெள்ளை. பெரிய மரமில்லை, கதவுக்கும் கட்டிலுக்கும் ஆகாது. ஆனால் உள்ளே கட்டை தந்தம் மாதிரி வெளுப்பு, நெருக்கமான இழை, சிம்பு எழும்பாது. வெட்டின கட்டையை மாதக்கணக்கில் காயவிட்டுத்தான் லேத்தில் ஏற்றுவார்கள். ஈரம் மிச்சமிருந்தால் இன்றைக்கு வட்டமாக இருக்கிற சக்கரம் அடுத்த கோடையில் முட்டையாகிவிடும். ஆந்திரத்து ஏடிகொப்பாக்காவிலும் இதே மரத்தில்தான் அரக்குப் பொம்மை செய்கிறார்கள். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புக்கும் அரக்குப் பூச்சு உண்டு. சின்ன வயசில் அந்தச் சிவப்புச் சொப்பை வைத்துச் சமைத்தவர்களுக்கு நான் சொல்லும் வழுவழுப்பு கையிலேயே தெரிந்திருக்கும்.

கட்டையை லேத்தின் வாயில் அறைந்து ஏற்றினார். மோட்டார் ஓடியதும் கட்டையின் கோணல்மாணல் எல்லாம் மறைந்து ஒரு வெள்ளைப் புகையாக நின்றது. குழியுளியைக் காட்டினார். முதலில் தூள் பறந்தது. கட்டை உருண்டைக்கு வந்ததும் தூள் நின்று, சுருள் வர ஆரம்பித்தது. பால்கோவா ஏட்டைச் சுருட்டினாற்போல நீளமாக, உடையாமல், அவர் மணிக்கட்டின்மேல் வழிந்தது. அடுத்து உப்புத்தாள். அப்புறம்தான் அரக்கு.

அரக்குக் குச்சி என்றால் தபாலாபீஸில் பார்சலுக்கு முத்திரை வைக்கிற அதே அரக்குக் குச்சிதான், நிறம் மட்டும் வேறு. அரக்கைச் சூட்டில் இளக்கி, நிறத்தைப் போட்டு, ஜவ்வுமிட்டாய்க்காரன் மாதிரி இழுத்து மடித்து, இழுத்து மடித்து, நிறம் ஒரே சீராகப் பரவினதும் குச்சியாக உருட்டிக்கொள்கிறார்கள். மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று செடிகொடி நிறங்களிலும் செய்கிறார்கள். பாய் ஒரு பச்சைக் குச்சியை எடுத்து, சுற்றுகிற கட்டைமேல் அழுத்தினார். அடுப்பு இல்லை, தூரிகை இல்லை. உரசுகிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. கிரீச்சென்று ஒரு சத்தம். கூடவே பழைய தபாலாபீஸ் வாசனை. கட்டையில் பச்சை திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகவே இல்லை. குழந்தை வாயில் பூசிக்கொண்ட கீரை மசியல் மாதிரி இருந்தது. இவ்வளவு தூரம் வந்து இதற்கா என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்துத் தகர டப்பாவிலிருந்து ஒரு காய்ந்த தாழை மடலை எடுத்தார். முள் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருந்தார். அதை நாலாக மடித்துக் கட்டைமேல் வைத்து அழுத்தினார். எண்ணி ஐந்து நொடி இருக்கும். மடல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. அது போன வழியெல்லாம் திட்டு கரைந்து, பச்சை ஒன்றாகி, அதற்குள்ளிருந்து ஒரு பளபளப்பு மேலே வந்தது. மேலே பூசின பளபளப்பு இல்லை அது. அம்மிக்கல்லைக் கழுவி விட்டால் அது உள்ளிருந்து கறுப்பாக மின்னுமே, அப்படி. வார்னிஷ் எதுவும் கிடையாது. மடலின் உரசலில் அரக்கு இன்னொருமுறை இளகி, தன்னைத் தானே தேய்த்துக்கொண்டு, மரத்தின் இழைக்குள் அமர்ந்துவிடுகிறது. என் கேள்விக்குப் பதில் அந்த ஐந்து நொடியில் இருந்தது. நிறம் மரத்தின்மேல் போர்த்தப்படவில்லை. சூட்டோடு அதற்குள் தேய்க்கப்படுகிறது. அதனால்தான் பல் பதிந்தால் இரண்டும் சேர்ந்தே உள்ளே போகின்றன.

உளியின் கூர்முனையால் கழுத்தை அறுத்ததும் சக்கரம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. என் கையில் போட்டார். இறக்கி வைத்த காப்பி டம்ளரின் அடிப்பாகத்துச் சூடு. மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. துளை போட்டு, ஆக்ஸில் குச்சியில் கோந்து தடவி மாட்டி, மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். மூன்றும் வாடின வெற்றிலைப் பச்சை, இது கிளிப்பச்சை. “உப்புத்தாள் போட்டுப் பழசு மாதிரி மங்க வைக்கட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்கு ஐம்பது வருஷம் எடுத்துக்கொள்ள உரிமை இருக்கிறது.

கிளம்பும்போது இரண்டு எச்சரிக்கை சொன்னார். வெந்நீரில் கழுவக் கூடாது. காருக்குள் கண்ணாடிப் பக்கம் வெயிலில் வைக்கக் கூடாது. அரக்கு சூட்டில் பிறந்தது, சூட்டிலேயே இளகும். தண்ணீர் நின்றால் வெளுத்துப் போகும். ஸ்பிரிட் பட்டால் கரைந்தே போகும். ஐம்பது வருஷம் பல்லுக்கும் தரைக்கும் தாக்குப் பிடிக்கிற வஸ்து ஒரு சொம்பு வெந்நீருக்குத் தோற்றுவிடும். முப்பது ரூபாய் கேட்டார். காய்கறிக்காரரிடம் கொத்தமல்லிக்குப் பேரம் பேசுகிறவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை.

இந்த அரக்கு, இலந்தை, புரசு மாதிரி மரங்களின் கிளையில் அடைகிற ஒரு பூச்சியின் பிசின். குழந்தை கடிக்கிற பொம்மையில் பூச்சிப் பிசினா என்று முகம் சுளிப்பவர்கள், தாங்கள் விழுங்குகிற மாத்திரையின் பளபளப்பை யோசிக்கலாம். பல மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சு இதுதான். பிளாஸ்டிக் தட்டு வருகிறவரை கிராமபோன் இசைத்தட்டும் அரக்கில்தான் அச்சாயிற்று. மைசூர்க்காரர்களுக்கு அரக்கோடு இன்னும் நெருங்கிய சொந்தம். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல், இந்த ஊரில் தொடங்கின அரக்கு, பெயின்ட் தொழிற்சாலைதான் பின்னால் அரசு நிறுவனமாகி, இன்றைக்கு மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் என்று நிற்கிறது. 1962 தேர்தலிலிருந்து நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கிற அழியாத மை அங்கேதான் தயாராகிறது. முத்திரை அரக்கும் அங்கே உண்டு. அழியாத மைக்குப் பேர்பெற்ற ஊருக்கு 80 கிலோமீட்டரில் அழியாத நிறத்துக்கு ஓர் ஊர். ஆனால் விரல் மைக்கு ஒரு மாசம்தான் ஆயுள்.

சன்னபட்டணத்தில் திப்பு சுல்தானுக்குப் பெரிய மரியாதை. பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இந்தக் கடைசல் வேலையை இங்கே வேர்விடச் செய்தவர் என்று ஊர் சொல்கிறது. அடுத்த மரியாதை பாவாஸ் மியான் என்பவருக்கு. ஜப்பானிய முறைகளை இங்கே கொண்டுவந்தவர் என்று அவர் பேரைச் சொல்வார்கள். சன்னபட்டணத்து மணப்பெண்ணையும் ஜப்பானின் கொகெஷி பொம்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இதை நம்பத் தயங்க மாட்டார்கள். இரண்டுக்கும் கை கால் கிடையாது. இரண்டுக்கும் உருண்டைத் தலை, உருளை உடம்பு. முகத்தில் நாலே கோடு. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நவராத்திரியில் எங்கள் எஞ்சினுக்கு வருஷத்தில் ஒருமுறை பதவி உயர்வு. மைசூரில் அது தசரா, பொம்பெ ஹப்ப. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சாயந்திரம் கூட்டமாக வந்து, “பொம்பெ கூரிசிதீரா?” என்று வாசலில் நின்று கேட்கும். பொம்மை உட்கார வைத்திருக்கிறீர்களா என்று அர்த்தம். பட்சணம் தயாரா என்பது உள்ளர்த்தம். கன்னட வீடுகளில் மேல்படியில் இருப்பது பட்டத பொம்பெ, பட்டத்து ராஜா ராணி. செம்மரத்தில் செய்து, பெண்ணுக்குக் கல்யாணத்தில் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்புவது. நம் மரப்பாச்சிக்கு உடன்பிறப்பு. பாட்டி கும்பகோணத்திலிருந்து அனுப்பிய மரப்பாச்சி ஜோடி எங்களிடமும் உண்டு. அந்த ஆண் மரப்பாச்சியின் பாதம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். யாருக்காவது வீக்கம் கண்டால் கல்லில் தண்ணீர் விட்டு அதைத்தான் இழைத்துப் பூசுவாள் அம்மா. விளையாட்டுச் சாமானே மருந்துச் சாமான்.

மரப்பாச்சியையும் எஞ்சினையும் ஒரே படியில் வைக்கும்போது இரண்டு கைகளின் குணம் தெரியும். மரப்பாச்சி செதுக்கினது. உளி ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று யோசித்திருக்கிறது. மூக்கு ஒரு வெட்டு, இடுப்பு ஒரு வெட்டு, எல்லாம் முகடும் முனையுமாக, விறைப்பாக நிற்கும். சன்னபட்டணம் கடைந்தது. அங்கே உளி ஒரே இடத்தில் நிற்கிறது, மரம் தானாக வந்து வந்து காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் ஒன்றுக்குக் கம்பீரம் வருகிறது, இன்னொன்றுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், பார்ப்பதற்கு மரப்பாச்சி, கையில் வைத்துக்கொள்ள எஞ்சின்.

விளையாட்டுக்கு மைசூரில் ராஜ மரியாதை உண்டு. அரண்மனைக்குள் போகும் வழியே பொம்பெ தொட்டி. பழைய தசரா பொம்மைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியை 1831-இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். ஆளுவதற்கு ராஜ்யம் இல்லாத ராஜா, கட்ட விளையாட்டுகளை வகுத்து அவற்றுக்கு விதி எழுதிக்கொண்டிருந்தார். ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் அந்தக் கட்டங்களை இன்றும் பார்க்கலாம். எத்தனை நிறம், எத்தனை நுணுக்கம்! ஒவ்வொரு தடவையும் வாய் பிளந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் ஒரு கட்டத்திலும் காய் நகர்ந்த தேய்மானம் கிடையாது. பொம்பெ தொட்டியில் ஒரு பொம்மைக்கும் பல் தடம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் எதுவும்தான் நூறு வருஷம் இருக்கும்.

எஞ்சினைப் பழுது பார்த்துக் கொண்டுவந்த அன்று சாயந்திரம் மகள் பேத்தியோடு வந்திருந்தாள். பேத்திக்கு ஒன்றரை வயசு, முன்னால் ஆறு பல். பாய் எஞ்சினை ஹிந்து பேப்பரில் சுற்றி, அடிபடாமல் இருக்க இரண்டு கை மரச்சுருளை உள்ளே திணித்துக் கொடுத்திருந்தார். தரையில் ஜமக்காளத்தை விரித்து, அதன்மேல் பொட்டலத்தைப் பிரித்தேன். ஜமக்காளத்தில் சக்கரம் வழுக்காது, நாலும் சேர்ந்து உருளும். மூன்று பழசும் ஒரு புதுசுமாக எஞ்சின் ஒரு முழ தூரம் போய் நின்றது. கிளிப்பச்சை மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிந்தது. பல் தடத்தையெல்லாம் காட்டி, இது யார் கடிச்சது தெரியுமா என்று பேத்தியிடம் ஆரம்பித்தேன்.

அவள் எஞ்சின் பக்கம் திரும்பவில்லை. காகிதத்திலிருந்து ஒரு மரச்சுருளை எடுத்து இரண்டு விரலால் இழுத்தாள். அது நீண்டு, விட்டதும் மறுபடி சுருண்டுகொண்டது. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. இன்னொருமுறை இழுத்தாள். அது இன்னொருமுறை சுருண்டது. அரைமணி நேரம் ஆன பிறகும் அவள் அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை நான் உருட்டிக்கொண்டிருந்தேன்.